பாட்டைத் திறந்து பார்க்கலாம்

எங்கட கூட்டத்தில பீட் செய்யிற ஆக்கள் எல்லாருமே கிராக் பண்ணின மென்பொருளிலதான் தொடங்கினவை. காசு இல்லை, அவ்வளவுதான். போன வருசம் ஒராளின்ட லப்டொப்புக்கு அந்தக் கிராக்கோடயே வைரஸ் வந்து, பாதி முடிஞ்ச ஆறு பாட்டு போச்சு. போனில ஏத்தி வைச்ச எம்பி3 மட்டும் மிஞ்சினது. கேக்கலாம், ஆனா எந்த ஒலியை எங்க வைச்சம், எப்பிடி வளைச்சம் எண்டு அதில இருந்து பிரிச்செடுக்க ஏலாது.

அதுக்குப் பிறகுதான் லினக்ஸுக்கு மாறி, ட்ராக்கர் பக்கம் வந்தம்.

முதல்ல திறந்தா பயம்தான் வரும். பியானோவும் இல்லை, வண்ணப் பெட்டிகளும் இல்லை. மேலேயிருந்து கீழ ஓடுற ஒரு அட்டவணை. ஒவ்வொரு நிரலும் ஒரு சனல், ஒவ்வொரு நிரையும் ஒரு சின்ன நேரத்துண்டு. 1987இல கார்ஸ்டன் ஒபார்ஸ்கி அமிகா கணினிக்கு எழுதின அல்டிமேட் சவுண்ட்ட்ராக்கரில நாலே நாலு சனல்தான். பிறகு 1990களில டோஸ் கணினிகளுக்கு ஃபாஸ்ட்ட்ராக்கர் 2, இம்பல்ஸ் ட்ராக்கர் வந்தது. முதலாவதின்ட வழியில வந்தது மில்கிட்ராக்கர், மற்றதின்ட வழியில சிசம் ட்ராக்கர். ரெண்டுமே திறந்த மூலம். உபுண்டுவில சும்மா நிறுவலாம். பழைய லப்டொப்பும் மூச்சு வாங்காது.

இலவசம் எண்டதுக்காக மட்டும் நாங்கள் இதைப் பரிந்துரைக்கேல்லை. ட்ராக்கர் கோப்பு ஒண்டை நண்பருக்கு அனுப்பினா, பாட்டோட அதின்ட சமையலறையும் போகுது. சாம்பிள்கள், குறிப்புகள், எஃபெக்ட் கட்டளைகள் எல்லாம் அந்த ஒரே கோப்புக்குள்ள. ஒரு சனலை மூடி மற்றதைக் கேக்கலாம், பேஸ் எப்பிடி நடக்குது எண்டு நிரை நிரையாப் பார்க்கலாம். அந்தக் காலப் பெடியள் கனபேர் இப்பிடி மற்றவையின்ட பாட்டைத் திறந்துதான் பழகினவை. சாம்பிள் பெயர் எழுதுற இடத்தில நண்பர்களுக்கு வணக்கம் எழுதி வைக்கிற பழக்கமும் இருந்தது. 2000இல வந்த டியூஸ் எக்ஸ் விளையாட்டின்ட இசையும் இந்த வகைக் கோப்புகள்தான்.

எங்கட பக்கம் நிலைமை வேற. “அந்த ட்ரம் எப்பிடிச் செய்தனி?” எண்டு கேட்டாச் சிரிச்சுச் சமாளிப்பம். ப்ரொஜெக்ட் கோப்பைக் காட்டுறது ஏதோ வீட்டு அலுமாரியைத் திறந்து காட்டுற மாதிரி. நாங்களும் அப்பிடித்தான் இருந்தம். ஆளாளுக்கு முதல்ல இருந்து தொடங்கி, ஒரே பிழையைத் தனித்தனியா விட்டுக்கொண்டிருந்தம்.

குறை இல்லாமலில்லை. எண்கள் பதினாறடிமானத்தில வரும். ஒலியளவு 40 எண்டா நாற்பது இல்லை, அறுபத்துநாலு. நீளமாப் பாடிப் பதிய இது தோதில்லை. ட்ராக்கரில செய்ததை வேவ் ஆக்கி, குரலை ஆர்டரில சேர்க்கிறதுதான் எங்கட வழி. கமகமும் லேசில வராது. சுரத்தை வழுக்க 3, நடுங்க வைக்க 4 எண்டு கட்டளை இருக்கு; அதுகளை வைச்சு ஒரு சின்னப் பிடியைக் கொண்டுவர எங்களுக்கு ஒரு பின்னேரம் முழுக்கப் போச்சு.

தாளம் ஆனாச் சுகம். மில்கிட்ராக்கர் ஒரு பேட்டர்னுக்கு 64 நிரை தரும். அதை 28 ஆக்கி, நாலு நாலாப் பிரிச்சா ஏழு எண்ணிக்கை. மிஸ்ர சாபு தன்ட பாட்டில சுத்தும். போனில பதிஞ்ச தகரவாளிச் சத்தத்தை வைச்சு அப்பிடி ஒண்டு செய்திருக்கிறம். கேக்கிற ஆக்களுக்கு எம்பி3 குடுக்கிறேல்லை, கோப்பாவேதான் குடுக்கிறம். மூண்டாவது சனலை மட்டும் தனியாக் கேட்டுப் பாருங்கோ. அங்க ஒரு அடி பிந்தி விழுகுது, இன்னும் எங்களால திருத்த ஏலாமக் கிடக்கு.