சீட்டாட்ட மேசையருகே நிற்பவர்

வேற்றூரில் குடியேறிய ஒருவருக்கு முதல் நட்புக் கிடைக்குமிடம் கோயிலாகவோ, தேநீர்க் கடையாகவோ, சீட்டாட்டம் நடக்கும் அறையாகவோ இருப்பதைக் காண்கிறோம். முன்னிரண்டில் நுழைந்து பழகுவது எளிது. மூன்றாவதில் எவ்வாறு நுழைவது, ஆட அமருமுன் எவ்வாறு நின்று பார்ப்பது என்பதை எவரும் சொல்லித் தருவதில்லை. இத்திங்கள் அதனைப் பற்றிச் சில சொல்ல விழைகிறோம். சீட்டுக்கட்டையே வீட்டினுள் விடலாகாது எனும் பெரியோர் நம் குடும்பங்களில் பலர் உளர். அவர்களோடு நமக்கு வழக்கில்லை. ஆயினும் கல்யாண வீட்டிலும், சிவராத்திரி விழிப்பிலும், திருப்பதி செல்லும் இரயில் வண்டியில் நால்வர் முழங்கால்மேல் விரித்த துண்டிலும் சீட்டு விழும்போது, நம் பிள்ளைகள் அருகில் நிற்கத்தான் போகிறார்கள். நிற்கும் முறை அறிந்து நிற்கட்டுமே.

சித்தூர் மாவட்டத்து விஜயபுரம், நகரி போன்ற எல்லைப்புற ஊர்களில் புதியவருக்குப் பார்வையினும் செவிக்கே முதல் வேலை. 1960 ஏப்ரல் முதல் நாள் திருத்தணி சென்னை இராச்சியத்தோடு சேர்ந்தது. இவ்வூர்கள் ஆந்திரத்தில் நின்றன. கோடு மாறிற்றேயன்றிப் பேச்சு மாறவில்லை. ஒரே மேசையில் ஒருவர் தமிழில் சீட்டைக் கேட்பார். மற்றவர் தெலுங்கில் புள்ளி சொல்வார். ஆட்டத்தைப் ‘பேகாட்ட’ என்பர்; சீட்டை ‘முக்க’ என்பர். தமிழ்நாட்டின் உட்பகுதியிலிருந்து வேலைக்கு வந்து அறையெடுத்துத் தங்கும் தம்பிமார், புள்ளிக்கு எவ்வளவு என்பது தெலுங்கில் சொல்லப்பட்டதால் விளங்காமல், விளங்கியதுபோல் தலையசைத்து அமர்வதுண்டு. கேட்க நாணுகிறார்கள். அந்த நாணத்திற்கு விலை மிகுதி.

பார்க்க விரும்புவோர் முதலில் “பார்க்கலாமா, அண்ணா?” என்று ஒரு சொல் கேட்பதே முறை. அதையும் ஓர் ஆட்டம் முடிந்து சீட்டைக் கலைக்கும்போது கேட்க வேண்டும். இசைவு கிடைத்தபின் ஒருவர் பின்னால் மட்டும் அமர்ந்து, அவர் கையை மட்டும் பார்த்தல் வேண்டும். மேசையைச் சுற்றி வந்து இரண்டு கைகளைப் பார்த்தவர் வாயே திறவாவிடினும் ஆட்டத்தைக் கெடுத்தவரே. ஏனெனில் முகம் பேசும். ஜோக்கர் வந்தபோது பின்னால் நின்றவரின் உதடு சிறிது மலர்ந்தால், எதிரில் இருப்பவர் சீட்டைப் பார்க்க வேண்டியதில்லை. அம்முகத்தைப் பார்த்தாலே போதும். லைஃப் சேராத கையோடு ஒருவர் வியர்த்திருக்கையில் பின்னாலிருந்து எழும் பெருமூச்சும் அப்படியே. “அந்த ஆட்டின் ஏழைப் போட்டிருக்கக் கூடாது” என்று ஆட்டம் முடிந்தபின் சொல்லும் அறிவுரையோ, தோற்றவருக்குத் தோல்வியினும் கசப்பானது.

சிலர், பின்னால் ஆள் நின்றால் கை வராது என்று நம்புவர். “தம்பி, கொஞ்சம் அந்தப் பக்கம் போங்களேன்” என்பர். அதற்கு மனம் வருந்துவானேன்? பகுத்தறிவு பற்றிய சொற்பொழிவுக்கு அஃது இடமன்று; நகர்ந்துவிடுவதே அழகு. கைபேசியை எடுத்துப் படம் பிடிப்பது இக்காலத்தில் வந்துசேர்ந்த புதிய குற்றம். அதை எந்த மேசையும் பொறுப்பதில்லை, பொறுக்கவும் கூடாது.

இவையெல்லாம் நம்மூர் வழக்கம் மட்டுமல்ல. பிரிட்ஜ் ஆட்டத்தின் சட்டநூலில் 76ஆம் விதி முழுவதும் பார்வையாளரைப் பற்றியது. தவறொன்றைக் கண்டாலும் அதை அவர் தாமாகச் சுட்டிக்காட்டலாகாது. நடுவர் கேட்டால் மட்டுமே பேசலாம். மேலைநாட்டுப் போக்கர் கூடங்களில் பார்ப்போர் கம்பித் தடுப்புக்கு வெளியே நிற்பர். ஒரு கைக்கு ஒருவரே ஆட்டக்காரர், பிறர் யோசனை சொல்லலாகாது என்பது அங்கு யாவரும் அறிந்த விதி.

இதுவரை கூறியவை ஆடுவோர் பொருட்டு. பார்ப்பவர் தம் பொருட்டும் சில பார்க்க வேண்டும்; நம் கருத்தில் இதுவே முதன்மையானது. அமர்ந்தபின் கண் சீட்டில் இருக்கும்; சுற்றுமுற்றும் காணும் ஓய்வு நிற்கும்போதுதான் உண்டு. முதலிற் காண வேண்டியது பணம். ரம்மியில் ‘புள்ளிக்கு ஒரு ரூபாய்’ என்பது செவிக்குச் சிறிதாய் ஒலிக்கும். முதலிலேயே விலகினால் 20 புள்ளி, இடையில் விலகினால் 40, முழுக் கையோடு அகப்பட்டால் 80. ஆட்டத்துக்கு 30 புள்ளி வீதம் இழந்து மாலையில் 15 ஆட்டம் ஆடினால் 450 ரூபாய் போயிற்று. புள்ளிக்கு 5 ரூபாய் ஆயின் அதே மாலைக்கு 2,250. ஊரில் தாயார் எதிர்பார்த்திருக்கும் பணவிடையில் அது எத்தனை பங்கு என்பதை நின்றுகொண்டே மனக்கணக்குப் போடலாம். உட்கார்ந்தபின் அக்கணக்கு வராது.

அடுத்து, சீட்டைக் கலைத்தபின் வேறொருவர் வெட்டுகிறாரா, தோற்றவர் எழ விரும்பினால் எழ விடுகிறார்களா, ஆடுவோருக்கு அங்கேயே கடன் கொடுக்கப்படுகிறதா என்று பார்க்க வேண்டும். கடன் கைமாறும் மேசையில் நாம் அறிய வேண்டியது வேறொன்றுமில்லை. இடத்துக்காரர் ஒவ்வோர் ஆட்டத்திலும் தமக்கென ஒரு பங்கு எடுக்கிறாரா என்பதும் முக்கியம். அங்கே சட்டம் குறுக்கிடுகிறது.

1963 மே மாதம் செகந்திராபாத்தில் கிரசெண்ட் ரிக்ரியேஷன் கிளப் என்ற மன்றத்தில் ரம்மி ஆடியோரைக் காவலர் பிடித்தனர். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. மூன்று சீட்டு ஆட்டத்தைப் போல ரம்மி முற்றிலும் தற்செயலானதன்று, விழுந்த சீட்டுகளை நினைவிற்கொண்டு ஆடும் திறமை அதில் மேலோங்கியது என்று 1967 நவம்பரில் தீர்ப்பாயிற்று. இதைச் சொல்லி மார்தட்டுவோர் அத்தீர்ப்பின் மறுபாதியைச் சொல்வதில்லை. பந்தயப் பணத்திலிருந்து இடத்துக்காரரோ மன்றமோ இலாபம் எடுப்பின் குற்றமாகலாம் என்பது அது. பார்ப்பவருக்கும் இதில் பங்குண்டு. சூதாட்ட விடுதியில் ஆட்டம் நடக்கும்போது காணப்படுபவர் எவராயினும், மாறாக மெய்ப்பிக்கப்படும்வரை, சூதாட வந்தவராகவே கொள்ளப்படுவார் என 1867ஆம் ஆண்டுப் பொதுச் சூதாட்டச் சட்டமே கூறிற்று. 1930ஆம் ஆண்டுச் சென்னைச் சட்டமும் அவ்வழியே சென்றது. “நான் சும்மா நின்றேன், ஐயா” என்னும் விடைக்கு அங்கு வலிமை குறைவு. எனவே பங்கு பிடிக்கும் மேசையாயின் பார்க்கவும் நிற்கலாகாது.

(கைபேசியில் பணம் வைத்து ஆடுவது பற்றிக் கேட்பவர்க்கு: திறமையா தற்செயலா என்ற வேறுபாடின்றி அத்தகைய ஆட்டங்களை நடத்துவதற்கு 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் தடைச்சட்டம் நிறைவேற்றியது. அங்கே எதிரில் இருப்பவர் முகமும் இல்லை, நின்று பார்க்க மேசையும் இல்லை.)

வாய் திறவாமை என்னும் முறைக்கு ஒரு விலக்கு உண்டென்று கருதுகிறோம். சித்தூர்ப் பகுதியின் தருமராசர் கோயில்களில் பாரத விழா நடக்கும். சூதும் துகிலுரிதலும் கூத்தாக ஆடப்பெறும் இரவில் குழந்தைகளும் உறங்குவதில்லை. அந்த அவையில் பார்த்திருந்தோர் சிறியவரல்லர். வீடுமரும் துரோணரும் இருந்தனர். ஆட்டம் நடக்கையிலேயே எழுந்து தடுத்துப் பேசியவர் விதுரர் ஒருவரே. ஏனையோர் அவையடக்கம் காத்தனர் போலும்! ஆகவே, எந்தச் சீட்டை இறக்குவது என்பதில் பார்ப்பவர் வாய் மூடியிருக்கட்டும். உடனிருக்கும் நண்பர் மோதிரத்தைக் கழற்றும்போதும், அறை வாடகைப் பணத்தை எடுக்கும்போதும் மூடியிருத்தல் வேண்டா. மேசையில் வைத்துக் கண்டிக்கவும் வேண்டா. அஃது அவரை மேலும் முறுக்கிவிடும். “ஊரிலிருந்து போன் வந்திருக்கிறது, ஒரு நிமிடம் வெளியே வா” என்று அழைத்துச் செல்லலாம். அந்தப் பொய்யை யாரும் குறை சொல்லார்.

பார்த்தபின் சேர விரும்புவோர், நடக்கும் ஆட்டம் முடியும்வரை காத்திருந்து, காட்டிய இடத்தில் அமர்ந்து, புள்ளி மதிப்பையும் எத்தனை மணிக்கு எழுவோம் என்பதையும் முதலிலேயே உரக்கச் சொல்லிவிடுவது நன்று. சேர விரும்பாதவர் குடித்த தேநீருக்குக் காசு வைத்துவிட்டு எழலாம். “காலையில் முதல் ஷிப்ட், வருகிறேன் அண்ணா” என்றால் நல்ல மேசையில் தலையசைத்து விடைகொடுப்பர். “ஒரே ஆட்டம், உட்காருங்கள் தம்பி” என்று கையைப் பற்றி இழுப்பார்களாயின், செருப்பைத் தேடிக்கொண்டு நிற்காமல் விரைந்து வெளியேறுக.