தச்சருக்கு மாலை, தொழிலாளிக்குப் பேரமா?

மே முதல் நாள் தொழிலாளரான புனித சூசையப்பருக்கு மாலையிடுகிறோம். 1955இல் திருத்தந்தை 12ஆம் பத்திநாதர் ஏற்படுத்திய விழா அது. மறுநாளே, ஒழுகும் குழாயைச் சரிசெய்ய வந்தவரிடம், "அரைமணி வேலைக்கு இவ்வளவா?" என வாதாடுகிறோம்.

அந்த அரைமணிக்குப் பின்னே ஆண்டுக்கணக்கில் பயின்ற கைத்திறன் உண்டு. சொந்தப் பணத்தில் வாங்கிய கருவிகள் உண்டு. வேலையே வராத நாள்களும் உண்டு.

"அவரே ஒப்புக்கொண்ட கூலிதானே!" என்பர் சிலர். இதற்கு 1891இலேயே மறுமொழி கூறப்பட்டுவிட்டது. வறுமைக்கு அஞ்சி ஒருவர் குறைந்த கூலிக்கு இசைந்தால், அவர் வன்முறைக்கும் அநீதிக்கும் ஆளானவரே என்று, 'ரேரும் நோவாரும்' சுற்றுமடலில் திருத்தந்தை 13ஆம் சிங்கராயர் தெளிவுபடுத்தினார்.

"நாளை வாரும்" என்று அலைக்கழிப்பதோ இன்னும் கொடிது. கூலியை விடியும்வரை பிடித்துவைத்தலாகாது என்பது லேவியர் நூல் விதித்த சட்டம்.

பங்குக் குருக்களாகிய நாங்களும் இதற்கு விலக்கல்லர். "கோவில் வேலை, புண்ணியம்" என்று சொல்லிக் கூலியைக் குறைக்கிறோம். பிறர் வயிற்றிலிருந்து எடுத்தது காணிக்கையன்று, களவு.

நாசரேத்துத் தச்சரிடம் அன்று இப்படிப் பேரம் பேசியிருந்தால், குறைந்திருப்பது குழந்தை இயேசுவின் உணவன்றோ?