தொட்டியில் ஒரு சிறு மீன்

அழகானதைக் கண்டால் வீட்டுக்குக் கொண்டுவர விரும்புவது மனித இயல்பு. அதிலே குற்றமில்லை. ஆனால், அந்த அழகு உயிருள்ளதாயின் விருப்பம் மட்டும் போதாது, அறிவும் வேண்டும்.

விடுமுறையில் பாலக்காடு, இடுக்கி எல்லைப்புற ஊர்களுக்குச் செல்லும்போது, நம் இளைஞர் சிலரிடம் ஒரு புதிய ஆசையைக் காண்கிறேன். கடலே எட்டாத மலையூரில், கண்ணாடித் தொட்டிக்குள் பவளப்பாறைக் கடலை அமைக்கும் ஆசை அது. அத்தொட்டிக்கென வாங்கப்படும் மீன்களுள் ஒன்று பிளென்னி.

விரலளவே உள்ள சின்னஞ்சிறு மீன்கள் இக்குடும்பத்தில் பல. ஏறக்குறைய 400 வகைகள் உண்டு. பெரும்பாலானவற்றுக்குச் செதில் இல்லை, வழுவழுப்பே கவசம். பாறைப் பொந்திலிருந்து தலையை நீட்டி, உருண்டைக் கண்களால் உலகை நோக்கும். பொந்திலே இட்ட முட்டைகளைப் பல வகைகளில் தந்தை மீனே காவல் காக்கும். இப்படிப்பட்ட உயிரை யார்தான் விரும்பமாட்டார்?

"பாசியைத் தின்று தொட்டியைத் துப்புரவாக்கும்" என்று சொல்லி இவற்றுள் ஒரு வகையை விற்கிறார்கள். பாறையைச் சுரண்டிப் பாசி தின்பது உண்மைதான். ஆனால் நேற்று அமைத்த புதுத் தொட்டியில் பாசி ஏது? நாம் தூவும் உணவை ஏற்கக் கற்காத மீன், பளபளக்கும் கண்ணாடிக்குள் வயிறு ஒட்டிச் சாகிறது. தொட்டி துப்புரவாக இருக்கிறது, மீன்தான் இல்லை!

அடுத்தது நீர். கடல்நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு. நீர் ஆவியாகும், உப்பு ஆகாது. ஆகவே குறைந்த அளவுக்கு நன்னீர் சேர்க்காவிடில் உப்பு மிகும். மீனின் கழிவில் தோன்றும் அம்மோனியா நஞ்சு. அதை மாற்றும் நுண்ணுயிர்கள் பெருகவே சில வாரங்கள் ஆகும். வெப்பமோ 25 பாகையை ஒட்டி நிற்க வேண்டும். மூணாற்றில் சனவரி இரவு பூச்சியத்தை நெருங்குவதுண்டு. பாலக்காட்டுக் கோடை 40 பாகையைத் தொடுவதுண்டு. மின்சாரம் நின்றால் என்ன செய்வீர்?

மீன் எங்கிருந்து வந்தது என்பதையும் கேட்க வேண்டாமா? பீர்மேட்டு மலையடிவாரத்து முண்டக்கயத்தில் கிடைத்த அழகு மீன் ஒன்றை 1865-இல் பிரான்சிஸ் டே அறிவியல் உலகுக்கு அறிவித்தார். 'மிஸ் கேரளா' என்று அதற்குப் பெயர் வாய்த்தது. 1997-இல் சிங்கப்பூர்க் கண்காட்சியில் பரிசும் கிடைத்தது. பிறகு ஆறுகளில் வலை பெருகியது. இன்று அம்மீன் அழிவுக்கு உள்ளாகும் உயிரினங்களின் பட்டியலில் இருக்கிறது. அழகே அதற்குப் பகையாயிற்று. பவளத்தின் நிலையும் அதுவே. மன்னார் வளைகுடாவில் 21 தீவுகளைச் சூழ்ந்த கடற்பகுதி 1986-இல் தேசியப் பூங்காவாயிற்று. 2001 முதல் கல்பவளங்கள் எல்லாம் வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளன. அவற்றை எடுப்பது குற்றம்.

"அப்படியானால் ஆசையைக் கொன்றுவிடவா?" என்று கேட்பீர்கள். வேண்டாம், நெறிப்படுத்துங்கள். மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் கோமாளி மீனை மண்டபத்திலும் விழிஞத்திலும் குஞ்சு பொரிக்கச் செய்து காட்டியிருக்கிறது. அவ்வாறு வளர்ப்பில் பிறந்த மீனை நாடுங்கள். பவளப் பாறைக்குப் பதில் சுட்ட மண்கல் வையுங்கள். தொட்டி பழுத்துப் பாசி படரும்வரை பொறுங்கள். பொறுக்க இயலாதவர் வாங்காதிருப்பதே அறம்.

தேயிலை மலைக்கு வந்த நம் முன்னோருக்கு லயத்தில் ஓர் அறை கொடுத்தார்கள். அறை கொடுத்ததனால் வாழ்வு கொடுத்ததாகிவிடவில்லை என்பதை நாம் அறிவோம். நான்கு சுவருக்கும் ஒரு வீட்டுக்கும் உள்ள வேற்றுமையைப் பட்டறிந்த மக்கள், ஒரு சிறு மீனுக்கு வெறும் நான்கு கண்ணாடிகளைக் கொடுத்து அமைதி கொள்ளலாமா? சிந்திப்பீர், தோழர்களே!