சஞ்சிக்கூலி முறை ஒழிந்ததற்கு அரசு நினைவு நாள் கோரும் மனு

பெறுநர்: மாண்புமிகு பேராக் மந்திரி பெசார் அவர்கள், மாநில அரசுச் செயலகம், ஈப்போ.

மலாயாவுக்குத் தமிழ்நாட்டிலிருந்து ஆள் கொண்டுவந்த சஞ்சிக்கூலி முறை 1910-இல் நிறுத்தப்பட்டது. அம்முறையின் கீழ் கிரியான் வட்டாரக் கரும்புத் தோட்டங்களிலும், பின்னர் ரப்பர்த் தோட்டங்களிலும் உழைத்து மடிந்தவர்களுக்குப் பேராக்கில் அரசு அறிவித்த நினைவு நாள் எதுவும் இல்லை.

பேராக்கில் கடனடிமை முறை, ஹியூ லோ ரெசிடெண்டாக இருந்தபோது 1883-ஆம் ஆண்டின் இறுதியில் ஒழிக்கப்பட்டது. அதே காலத்தில்தான் நாகப்பட்டினத்தில் கப்பலேறிய சஞ்சிக்கூலிகள் பினாங்கு வழியாகக் கிரியானுக்கு வந்துகொண்டிருந்தனர். கப்பல் செலவும் முன்பணமும் அவர்கள் கூலியில் பிடிக்கப்பட்டன. வேலைக்கு வராத நாள்கள் ஒப்பந்தக் காலத்தோடு கூட்டப்பட்டன. தோட்டத்தை விட்டு ஓடியவர் குற்றவாளியாகப் பிடிபட்டுச் சிறைக்குப் போனார். வேலையை விட்டவரைச் சிறையில் தள்ளிய அந்த ஏற்பாடு அடிமை முறையின் தொடர்ச்சியே என்பது இம்மனுவை அளிக்கும் எங்கள் சங்கத்தின் உறுதியான நிலைப்பாடு.

1910-க்குப் பிறகும் தோட்டத் தொழிலாளர் துயரம் தீரவில்லை. கங்காணி வழி ஆள்சேர்ப்பு 1938-இல் இந்திய அரசு தடை விதிக்கும் வரை நடந்தது. ஜப்பானியர் ஆட்சியில் ஆயிரக்கணக்கான தோட்டத் தமிழர்கள் சயாம் மரண ரயில்பாதைக்குக் கொண்டுசெல்லப்பட்டு மாண்டனர். சுதந்திரத்தை ஒட்டிய ஆண்டுகளில் தோட்டத் துண்டாடல் பல குடும்பங்களை வீதிக்குத் தள்ளியது. சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ. தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கக் காரணம் அதுவே.

மொரிசியஸ் நவம்பர் 2-ஐ ஒப்பந்தத் தொழிலாளர் வந்திறங்கிய நாளாகப் பொது விடுமுறையுடன் நினைவுகூர்கிறது. அவர்கள் கரையேறிய ஆப்பிரவாசி காட் 2006 முதல் உலகப் பாரம்பரியத் தலம். பிஜி 2023-இல் கிர்மிட் நாளைப் பொது விடுமுறையாக்கியது. பேராக் அரசும் ஆண்டுதோறும் ஜூன் மாதத்தில் ஒரு நாளை மாநில நினைவு நாளாக அறிவித்து, ஈப்போவில் அரசு நிகழ்ச்சி நடத்த வேண்டும். 125-ஆம் ஆண்டான 2035-க்குள் கிரியானில் ஒரு நினைவுச்சின்னம் எழுப்பப்பட வேண்டும்.

எல்லாவற்றிலும் அவசரமானது இடுகாடுகளின் நிலை. ரப்பர் போய்ச் செம்பனை வந்தபோதும், செம்பனை போய் வீடமைப்புத் திட்டங்கள் வரும்போதும் லயங்கள் இடிபடுகின்றன. தோட்டத்துக் கோயில் இடம்பெயர்கிறது. பெயர்ப் பலகையற்ற மண்மேடுகளுக்கோ இடம்பெயரும் வழியும் இல்லை. புல்டோசர் ஒருமுறை ஓடினால் அங்கே யாரும் புதைக்கப்பட்டதற்கான அடையாளமே இராது. தேசிய நிலச் சட்டத்தின்படி விவசாய நிலத்தைக் கட்டட நிலமாக மாற்ற அனுமதிப்பது மாநில அரசின் கையில் உள்ளது. ஆகவே அவ்வாறு அனுமதி வழங்கும்போது இடுகாட்டுப் பகுதியை அரசிடம் ஒப்படைப்பது நிபந்தனையாக்கப்பட வேண்டும்; ஒப்படைக்கப்பட்ட நிலம் 62-ஆம் பிரிவின் கீழ் ஒதுக்கு நிலமாக அரசிதழில் அறிவிக்கப்பட வேண்டும். அதற்கு முன்படியாக ஒவ்வொரு மாவட்ட நில அலுவலகமும் தன் எல்லையிலுள்ள தோட்ட இடுகாடுகளை அளந்து பதிவு செய்ய உத்தரவிடக் கோரப்படுகிறது.

தோட்ட அலுவலகங்களில் கிடக்கும் செக்ரோல் புத்தகங்களும் காக்கப்பட வேண்டும். கிராணி நாள்தோறும் பேர் போட்ட அந்த ஏடுகள்தாம் பல குடும்பங்களுக்குத் தாத்தா பாட்டியின் பெயர் எழுத்தில் இருக்கும் ஒரே இடம். தோட்டம் கைமாறும்போது அவற்றைத் தேசிய ஆவணக் காப்பகத்திடம் ஒப்படைக்குமாறு நிர்வாகங்களுக்கு மாநில அரசு எழுத்து மூலம் அறிவுறுத்த வேண்டும்.