ஆகாபு கூடக் கேட்டான்

அரசர்கள் முதல் நூலின் 21-ஆம் அதிகாரத்தை நம் மறையுரைகளில் ஆகாபு மன்னனைக் கண்டிக்கவே பயன்படுத்துகிறோம். அதன் தொடக்கத்தைச் சற்று நிதானித்து வாசித்தால் வேறொன்று உறைக்கும். அரண்மனையை அடுத்த திராட்சைத் தோட்டத்தின்மீது ஆசை கொண்ட அவன், முதலில் அதன் உரிமையாளன் நாபோத்திடமே கேட்டான். மாற்றுத் தோட்டமோ உரிய விலையோ தருவதாகச் சொன்னான். மறுப்பு வந்ததும் உண்ணாமல் முகத்தைத் திருப்பிப் படுத்துக்கொண்டான். பொய்ச்சாட்சியும் கொலையும் ஈசபேலின் சூழ்ச்சியால் பின்னர் வந்தவை. கேட்பது என்னும் அந்த முதற்படியை நம் மக்களாட்சி எத்தனை முறை தாண்டிக் குதித்திருக்கிறது!

சென்னை இராணி மேரிக் கல்லூரிக்கு 2003 ஏப்ரலில் நேர்ந்ததை எண்ணிப் பாருங்கள். 1914-இல் தோன்றிய அது, சென்னை நகரில் பெண்களுக்கென எழுந்த முதல் கல்லூரி; மெரினா கடற்கரையை நோக்கி நிற்பது. அதை இடித்துவிட்டு அங்கே புதிய தலைமைச் செயலகம் எழுப்ப அன்றைய அரசு முனைந்தது. அங்குப் பயிலும் பெண்களைக் கலந்து எடுத்த முடிவன்று அது. மாணவியர் வளாகத்தை விட்டு அகல மறுத்து அமர்ந்தனர். முன்னாள் மாணவியர் துணை நின்றனர், எதிர்க்கட்சியினரும் களமிறங்கினர், மு.க. ஸ்டாலின் கைதானார். திட்டம் கைவிடப்பட்டது. கல்லூரி இன்றும் நிற்கிறது.

இதை வெற்றி என்பர் பலர்; பாதி வெற்றி என்பேன் நான். 'வேண்டாம்' என்று சொல்லும் வலிமையை மக்கள் காட்டினர். 'இப்படி வேண்டும்' என்று சொல்லும் இடமோ அவர்களுக்குக் கிடைக்கவில்லை. ஆட்சியாளரின் பார்வை அடுத்துக் கோட்டூர்புரத்தின் பக்கம் திரும்பியது. அங்கும் செயலகம் எழவில்லை. பின்வந்த அரசு ஓமந்தூரார் தோட்டத்தில் பெரும் வளாகம் எழுப்பி 2010 மார்ச் 13 அன்று திறந்தது. 2011-இல் ஆட்சி மாறியது. செயலகம் மீண்டும் கோட்டைக்கே சென்றது. 2014-இல் அக்கட்டடம் மருத்துவமனையாயிற்று. ஏழை நோயாளிகள் அதனால் நலம்பெறுவதைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. ஆயினும் சட்டமன்றமாக எழுந்தபோதும் மருத்துவமனையாக மாறியபோதும், சுற்றி வாழ்வோரின் கருத்துக்கு இடமளித்தவர் யார்?

'வரைபடம் பொறியாளர் வேலை. மக்களுக்கு என்ன தெரியும்?' என்பர். மழைநீர் எந்தச் சுவரோரம் தேங்கும், எந்த வழியை அடைத்தால் பள்ளிச் சிறுமியர் நெடுந்தூரம் சுற்ற வேண்டும், ஆடிக் கிருத்திகையன்று காவடிக் கூட்டம் எந்தத் திருப்பத்தில் நெரியும் - இவற்றை எந்த வரைபடம் காட்டும்? 1953-இல் ஆந்திரத்தோடு போன ஊர் எங்கள் திருத்தணி. ம.பொ.சி. முன்னின்ற வடக்கெல்லைப் போராட்டத்தின் பயனாய், 1960 ஏப்ரல் 1 அன்று தமிழகத்தில் சேர்ந்தது. மாநில எல்லைக்கோட்டையே எளிய மக்கள் எதிர்த்துக் கேட்ட ஊரில் வாழும் எனக்கு, ஒரு வளாகத்தின் வரைபடம் அவர்கள் அறிவுக்கு எட்டாது என்பது நகைப்பைத் தருகிறது.

1971-ஆம் ஆண்டின் நகர் ஊரமைப்புச் சட்டம் மக்களின் ஆட்சேபணைகளைக் கேட்கத்தான் செய்கிறது. ஆனால் திட்டத்தை வகுத்து முடித்த பிறகு! சமைத்து இலையில் பரிமாறிய பின் 'என்ன சமைக்கலாம்?' என்று வினவும் விருந்தோம்பல் இது. 2022 நவம்பரில் நம் நகரங்களில் பகுதி சபைகள் கூடத் தொடங்கின. தெருவிளக்கும் சாக்கடையும் மட்டுமே அங்கே பேசத் தக்கவை என்று எவரும் எண்ணிவிடக் கூடாது.

அரசை மட்டும் சாடிவிட்டு நாம் கைகழுவ முடியாது. பழைய பள்ளி வளாகமோ விடுதி நிலமோ வணிக வளாகமாவதை, கட்டுமானப் பலகை நட்ட பிறகே இறைமக்கள் அறியும் நிலை நம்மிடையே இல்லையா? 1983-ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பு, மறைமாவட்டச் சொத்தைக் கைமாற்ற ஆயருக்கு நிதிக்குழு, ஆலோசகர் குழு ஆகியவற்றின் இசைவோடு தொடர்புடையோரின் இசைவும் வேண்டும் என்கிறது (1292). 'தொடர்புடையோர்' என்னும் சொல்லுக்குச் சட்ட வல்லுநர் குறுகிய பொருள் கொள்வதை நான் அறிவேன். அந்த மண்ணில் கற்றவரும் சுற்றுச்சுவருக்கு அப்பால் வாழ்பவரும் அதில் அடங்காரென்றால், அச்சொல்லை விரித்துப் பொருள்கொள்ள நம்மைத் தடுப்பவர் எவர்?

எனவே ஆயர்களிடமும் சபைத் தலைவர்களிடமும் கேட்கிறேன். கல்விக்கென வந்த நிலம் வேறு பயனுக்கு மாறுமுன், வரைபடம் தீட்டுமுன், பங்குப் பேரவையிலும், அண்டை அயலாரான இந்து, இஸ்லாமியச் சகோதரர்களும் அமரும் பொதுக்கூட்டத்திலும் அதை வையுங்கள். மறுப்பு வந்தால் ஆகாபைப் போல் முகத்தைத் திருப்பிப் படுத்துக்கொள்ளலாம். அதுவரைக்கும் அவன் செய்தது பெரும் பாவமன்று.