பல்லும் பளுவும்

ஒருவர் ஓய்ந்திருக்கும் வேளையில் எதைப் பற்றிப் பேசுகிறாரோ அதைக்கொண்டே அவர் உள்ளத்தின் நாட்டத்தை அறிந்துகொள்ளலாம். ஞாயிற்றுக்கிழமைகளில் கண்டியிலிருந்து பேராதனை, கலஹா வழியாகத் தெல்தோட்டைக்கு ஏறிவரும் துவிச்சக்கர வண்டி ஆர்வலரின் பேச்சை நான் பலமுறை கேட்டிருக்கிறேன். ஜேம்ஸ் டெய்லர் 1867இல் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்ட லூல்கந்துர தோட்டத்தை நோக்கி மேலும் ஏறுமுன், தேநீர்க் கடையில் சற்றே இளைப்பாறுகிறார்கள். அப்போது அவர்கள் பேசுவது அரசியலன்று, சினிமாவன்று. வண்டியின் பளு எத்தனை, பற்சில்லில் பல் எத்தனை என்னும் இரண்டே பொருள்கள்தாம் அவர்களுடைய பேச்சு.

இவ்விரண்டில் முன்னது வெறும் பெருமை. பின்னதோ மலையகத்தில் வாழும் அத்தனை பேருக்கும் உரிய செய்தி என்பது என் துணிபு.

முதலில் பளுவை எடுத்துக்கொள்வோம். உலகப் பந்தயங்களில் ஓடும் வண்டி 6.8 கிலோகிராமுக்குக் குறையலாகாது என்று அனைத்துலகச் சைக்கிளோட்டச் சங்கம் 2000ஆம் ஆண்டு முதல் விதித்திருக்கிறது. அந்த எல்லையைத் தொட்டுவிட வேண்டும் என்னும் ஆசையில், கரிநார்ச் சட்டத்துக்கும் சில்லுக்கும் பெரும்பொருள் செலவிடுவோர் பலர். கணக்குப் போட்டுப் பார்த்தால் இவ்வாசை நகைப்புக்கு இடமாகிறது. ஓட்டுபவர் 65 கிலோ, வண்டி 9 கிலோ. ஆகக்கூடி 74 கிலோ. இதில் ஒரு கிலோவைக் குறைத்தால் குறைவது நூற்றுக்கு ஒன்றரைப் பங்குகூட இல்லை. ஒரு மணி நேர ஏற்றத்தில் ஒரு நிமிடமும் முழுதாக மிஞ்சாது. அந்த ஒரு நிமிடத்துக்காக ஒரு குடும்பத்தின் பல மாதச் சம்பளத்தைக் கொடுக்கலாமா என்பது அவரவர் பணப்பையைப் பொறுத்த விஷயம். நான் அதில் தலையிடுவதற்கில்லை.

பல்லின் கதை அப்படியன்று. நம் தந்தையர் காலத்து ஒற்றைக் கியர் வண்டியில் முன் பற்சில்லில் 48 பல்லும் பின்னே 18 பல்லும் இருப்பதாகக் கொள்ளுங்கள். மிதி ஒருமுறை சுற்றினால் சில்லு இரண்டே முக்கால் முறையளவு சுற்றும். வண்டி ஏறக்குறைய 6 மீற்றர் ஓடும். சமவெளிக்கு இது சாலப் பொருத்தம். இன்றைய கியர் வண்டியிலோ முன்னே 34 பல், பின்னே 34 பல் என்று அமைத்துக்கொள்ளலாம். மிதி ஒரு சுற்று, சில்லும் ஒரு சுற்று. வண்டி நகர்வது 2 மீற்றருக்குச் சற்றே மேல். காலால் அழுத்த வேண்டிய விசை மூன்றில் ஒரு பங்காகிவிடுகிறது. மலை தாழ்ந்துவிடவில்லை; செய்ய வேண்டிய வேலையும் குறையவில்லை. ஒரே மூச்சில் தூக்க முடியாத மூட்டையைப் பிரித்து மூன்று நடையாகத் தூக்குகிறோம், அவ்வளவுதான். அதனால் வலியவன் மட்டும் ஏறிய மலையில் எளியவனும் ஏற முடிகிறது.

இவ்வுண்மையை வல்லவர் எனப்பட்டோரே நெடுங்காலம் ஒப்பவில்லை என்பது வியப்புக்குரியது. பிரான்சின் மலைநாட்டிலே போல் தெ விவி என்பவர், ஏற்றத்துக்குப் பல கியர் வேண்டும் என்று தம் பத்திரிகையில் ஓயாது எழுதிவந்தார். 1903இல் டூர் டி பிரான்ஸ் பந்தயத்தைத் தொடங்கிய ஹென்றி தெக்ராஞ் என்பவரோ அதனை ஏளனம் செய்தார். தசையால் வெல்வதே வெற்றி, பொறியால் வெல்வது முதியோர்க்கே உரியது என்பது அவர் கொள்கை. சங்கிலியைப் பல்லுக்குப் பல் மாற்றும் பொறியை அப்பந்தயத்தில் அனுமதித்தது அவர் பொறுப்பிலிருந்து விலகிய பின்னர், 1937இல்தான். ‘சின்னப் பல்லில் போடுவது ஆண்மைக்கு இழுக்கு’ என்று இன்றும் நம் இளைஞர் சிலர் பேசக் கேட்கிறேன். தெக்ராஞ் இன்னும் மறையவில்லை போலும்!

இனி நம் மலைக்கு வருவோம். யாழ்ப்பாணத்தில் சைக்கிள் வாழ்க்கையோடு கலந்த பொருள். 1990களில் பொருளாதாரத் தடையால் எரிபொருள் கிடையாதபோது விறகும் நெல்லும் நோயாளியும் அதன்மேல்தான் பயணஞ் செய்தன. மலையகத்திலோ அது வேரூன்றவில்லை. ஏன்? ‘மலைக்குச் சைக்கிள் ஒவ்வாது’ என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறோம். மலைக்கு ஒவ்வாதது சைக்கிளன்று, ஒற்றைக் கியரே. தட்டை நிலத்துக்காகச் செய்த வண்டியை மலையிலே கொண்டுவந்து நிறுத்தி, ஏற்றந்தோறும் இறங்கித் தள்ளிக் களைத்து, பின்னர் வண்டியின் மேல் பழி போட்டுவிட்டோம். 2022இல் பெற்றோலுக்காக நாடே வரிசையில் நின்றபோது சமவெளி மக்கள் சைக்கிளில் ஏறிக்கொண்டார்கள். நாங்கள் பெரும்பாலும் நடந்தோம். மன்னாரிலிருந்து மாத்தளை வரை கால்நடையாக வந்தோரின் நினைவைப் போற்றி 2023இல் அதே வழியில் நடைபயணம் நிகழ்ந்தது. அந்த வரலாறு போற்றத்தக்கதே. ஆயினும் பாட்டன் நடந்தான் என்பதற்காகப் பேத்தியும் பள்ளிக்கூடத்துக்கு நடந்தே தீர வேண்டும் என்பது எந்த நியாயம்?

பேத்தி என்று நான் சொல்வது அலங்காரத்துக்காகவன்று. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கத்தார் எழுத்தோடு சைக்கிளும் கற்பித்தனர். ஆயிரக்கணக்கான கிராமப் பெண்கள் ஓட்டப் பழகினர். பீகாரில் 2006 முதல், ஒன்பதாம் வகுப்பில் சேரும் சிறுமியர்க்குச் சைக்கிள் வாங்க அரசு பணம் கொடுத்தது. அதை ஆராய்ந்த கார்த்திக் முரளிதரனும் நிஷித் பிரகாஷும், உரிய வயதில் உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்த பெண்களின் தொகை அதனால் நூற்றுக்கு 32 விகிதம் உயர்ந்தது என்று கண்டனர். பள்ளி தொலைவிலிருந்த ஊர்களிலேதான் பயன் மிகுந்தது. சில்லு இரண்டு, கல்வியின் கதவைத் திறந்தது. ஆனால் இவ்வூர்களெல்லாம் பெரும்பாலும் சமவெளி. அதே வண்டியை அப்படியே தெல்தோட்டைக்கு அனுப்பினால், ஒரு மாதத்தில் அது லயத்துச் சுவரில் சாய்ந்து துருப்பிடிக்கும். கொடுத்தவர் நம்மைச் சோம்பேறிகள் என்பார்.

இதற்கு மறுப்பு எழும் என்பதை அறிவேன். தோட்டத்துக் குறுக்குப் பாதைகளிலும் படிக்கட்டுகளிலும் எந்தக் கியரும் உதவாது என்பார்கள். உண்மை. நான் பேசுவது லயத்திலிருந்து இறங்கிச் சேரும் தார்ச்சாலையைப் பற்றி; பள்ளியும் மருந்தகமும் சந்தையும் அச்சாலையில்தான் இருக்கின்றன. ஏறுவது கிடக்கட்டும், இறங்கும்போது உயிர் போகுமே என்பார் வேறு சிலர். இந்த மறுப்புக்குத்தான் நான் பெரிதும் தலைவணங்குகிறேன். நெடிய இறக்கத்தில் பிரேக்கை விடாது பிடித்தால் விளிம்பு கொதிக்கும்; மழையில் விளிம்புப் பிரேக் பிடிக்கத் தயங்கும். ஆகையால் மலைக்கு வரும் வண்டியில் பல்லுக்கு அடுத்தபடி பார்க்க வேண்டியது தட்டுப் பிரேக்கே. மெல்லிய பந்தய டயர் வேண்டாம். பள்ளம் மிகுந்த சாலைக்கு அகன்ற டயரே நல்லது. பந்தயக்காரரே 23 மில்லிமீற்றரை விட்டு 28க்கு வந்துவிட்டார்களே!

விலைதான் தடை என்பது மூன்றாவது மறுப்பு. நான் கேட்பது கரிநார் வண்டியன்று. இரும்புச் சட்டமும், முன்னே ஒரு சிறு பற்சில்லும், பின்னே ஏழெட்டுப் பற்சில்லும் போதும். பளுவானால் ஆகட்டும், பல் இருந்தால் பளுவைச் சுமக்கலாம். பள்ளிகளுக்குச் சைக்கிள் வழங்கும் நல்லோரும் நிறுவனங்களும், எத்தனை வண்டி கொடுத்தோம் என்று எண்ணுவதோடு நில்லாமல், அவற்றின் பற்களையும் எண்ணிப் பார்க்கட்டும்.

ஞாயிறுதோறும் வரும் நண்பர்களுக்கும் ஒரு விண்ணப்பம் உண்டு. உங்களிடம் உள்ள பெருஞ்செல்வம் உங்கள் வண்டியன்று. அதைப் பற்றிய உங்கள் அறிவே. சங்கிலி தேய்ந்து நீண்டால் பற்சில்லையும் தின்றுவிடும், ஆதலால் சங்கிலியைக் காலத்தில் மாற்றுபவன் பெருஞ்செலவைத் தவிர்க்கிறான் என்பது உங்களுக்குத் தெரியும். கியர்க் கம்பியை எவ்வளவு இறுக்க வேண்டும் என்பதும் தெரியும். ஊர்ச் சைக்கிள் கடைப் பையன் ஒட்டுப்போடுவதில் உங்களுக்குப் பாடம் சொல்வான். ஆனால் கியர்ப் பொறியைக் கழற்றிப் பார்க்க அவனுக்கு வாய்ப்புக் கிடைத்ததில்லை. தேநீர் அருந்தும் அரைமணியில் கால் மணியை அவனுக்குக் கொடுங்கள். நீங்கள் பெரிய பற்சில்லுக்கு மாறும்போது கழற்றி வைக்கும் பழையவற்றையும் கொண்டுவாருங்கள். வீட்டில் பெட்டிக்குள் கிடக்கும் இரும்பு இங்கே ஒரு சிறுமியை ஏற்றத்தில் கொண்டு சேர்க்கும்.

பளுவைக் குறைப்பது பணம் படைத்தவரின் விளையாட்டு. அதை அவர்கள் ஆடட்டும். பல்லைக் கூட்டுவது எளியோரின் தேவை. மலை மக்களுக்காகவே பிறந்தது போன்ற ஒரு பொறி, அம்மலைச் சாலை வழியே வாரந்தோறும் வந்து, அம்மக்களைத் தொடாமலே திரும்பிப்போவது முறையாகுமா என்பதே என் கேள்வி.