கோல்... ஆனால் கொஞ்சம் பொறுங்கள்!

ஆபீஸில் ஒரு ஃபைல் படும் பாட்டை உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. மேலிடத்துக் கையெழுத்து விழும்வரை எதுவும் நிச்சயமில்லை. கால்பந்தில் இப்போது கோலுக்கும் அதே கதிதான். பந்து வலைக்குள் போயாச்சு; போட்டவன் துள்ளிக் குதிக்கிறான். ரெஃப்ரியோ காதில் விரலை வைத்தபடி நிற்கிறார். ஃபைல் 'வி.ஏ.ஆர்.' என்கிற வீடியோ ரெஃப்ரியின் மேஜையில்!

இந்த ஏற்பாடு சும்மா வரவில்லை. 1986 மெக்ஸிகோ உலகக் கோப்பையில் இங்கிலாந்துக்கு எதிராக மாரடோனா பந்தைக் கையால் தட்டினார். ரெஃப்ரி கோல் என்றார். 2010-ல் ஜெர்மனிக்கு எதிராக இங்கிலாந்தின் லாம்பார்ட் அடித்த பந்து, கோட்டைத் தாண்டி உள்ளே விழுந்துவிட்டு வெளியே வந்தது. ரெஃப்ரி இல்லை என்றார்.

லாம்பார்டின் வியாதிக்கு மருந்து கிடைத்துவிட்டது. 2014 உலகக் கோப்பையிலிருந்து, பந்து முழுசாகக் கோட்டைத் தாண்டினால் ரெஃப்ரியின் கைக்கடிகாரத்துக்கு ஒரு விநாடிக்குள் தகவல். விவாதம் க்ளோஸ். காரணம், அது அளக்கிற சமாசாரம்.

ஆனால் 2018 மாஸ்கோ ஃபைனலை எடுத்துக்கொள்ளுங்கள். க்ரொயேஷியாவின் பெரிசிச் கையில் பந்து பட்டது. ரெஃப்ரி ஓடிப்போய் வீடியோ பார்த்தார், திரும்பி வந்தார், பிரான்ஸுக்குப் பெனால்ட்டி! பட்டது எல்லோருக்கும் தெரிந்தது. அது குற்றமா, தற்செயலா? அதைச் சொல்லும் காமிராவை இன்னும் யாரும் கண்டுபிடிக்கவில்லை ஸார்.

2023 செப்டம்பரில் லண்டனில் நடந்தது இன்னும் வேடிக்கை. டாட்டன்ஹாமுக்கு எதிராக லிவர்பூலின் லூயிஸ் டியாஸ் கோல் போட்டார். ஆஃப்சைட் என்று கொடி தூக்கிவிட்டார்கள். வீடியோ ரெஃப்ரி பார்த்தார். ஆஃப்சைட் இல்லை! ஆனால் மைதானத்தில் கோல் கொடுத்துவிட்டதாகவே நினைத்துக்கொண்டு 'செக் கம்ப்ளீட்' என்றார். ஆட்டம் தொடர்ந்துவிட்டது, இனி நிறுத்த விதியில்லை. லிவர்பூல் 2-1 என்று தோற்றது. மெஷின் சரி, வாய் தவறு.

இத்தனைக்கும் பிறகு 2024 ஜூனில், வி.ஏ.ஆரை எடுத்துவிடலாமா என்று இங்கிலாந்து பிரிமியர் லீக் கிளப்புகளிடம் ஓட்டு எடுத்தார்கள். 19 பேர் 'இருக்கட்டும்', ஒரே ஒருவர் 'வேண்டாம்'. அந்த ஒருவர் உல்வ்ஸ் கிளப்.

என் ஓட்டு? பாதிப் பாதி. கோடு, ஆஃப்சைட் போன்ற அளக்கிற வேலையை மெஷினுக்குக் கொடுங்கள். உள்நோக்கம், முரட்டுத்தனம் இதெல்லாம் மைதானத்தில் வியர்த்து ஓடுகிற மனுஷன் பொறுப்பு. கிரிக்கெட்டில் மூன்றாவது அம்பயர் பேசுவதை டிவியில் நாமும் கேட்கிறோமே, அது போல இங்கேயும் முழுப் பேச்சையும் அப்போதே கேட்க விடுங்கள். தப்பு நடந்தாலும் எப்படி நடந்தது என்றாவது தெரியும்.

நியாயம் வேண்டியதுதான், மறுக்கவில்லை. ஆனால் டிக்கெட் வாங்கி வந்தவன் முக்கியமாக வாங்கியது அந்த ஒரு நொடிக் கத்தலை. அதைப் போய் 'மேலிட உத்தரவுக்கு உட்பட்டு' கத்தச் சொன்னால் எப்படி?